பத்துக்கு எத்தனை

மிஸி கேட்கிறாள்,
வலி பத்துக்கு எத்தனை என்று.
எனக்குச் சடக்குக் கணக்குதான் தெரியும்.

செம்பனைக் குலை ஏற்றிய லோரியில்
இருபத்தெட்டு வருஷம் போன வழி.
அப்போது மேடு பள்ளமெல்லாம் டயருக்கு.
இப்போது எலும்புக்கு.
புரோஸ்டேட்டில் புறப்பட்டது
இடுப்பில் வந்து இறங்கியிருக்கிறது.
ஆலை முக்கில் ஒன்று, கோயில் வளைவில் இரண்டு,
பகாவ் பாலம் ஏறும்போது
பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.
மகன் ஆமையாய் ஓட்டுகிறான், பாவம்.
பின்னால் ஹாரன்.

மாதம் ஓர் ஊசி, ஆண்மைச் சுரப்பை அடைக்க.
அன்றிலிருந்து நடுராத்திரியில் உடம்பு கொதிக்கிறது.
அஞ்சு வருஷம் முன்னால்
அமிர்தவல்லி இப்படித்தான் எழுந்து உட்காருவாள்.
"காத்தாடியை நிறுத்து, குளிருது" என்று
திரும்பிப் படுத்தவன் நான்.
நேற்று அவள் ஒன்றும் சொல்லவில்லை.
காத்தாடியை மூன்றில் வைத்துவிட்டு
இன்னொரு போர்வை தேடிப் போனாள்.

தும்மினால்கூட விலா முறியலாமாம்.
வீட்டில் மிளகுத்தூளை ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

இன்று காலை
மார்பின் மருந்து குடித்து அரைமணி கழித்து
ரசாக் கடையில் பசியாறினேன்.
உட்கார முடியாது, நின்றேன்.
பந்து விளையாட்டுச் சண்டையில்
அவனை நான்தான் ஜெயித்தேன்.
அப்போது எத்தனை என்று யாரும் கேட்கவில்லை.

அதையும் எழுதிக்கொள், மிஸி:
நின்றபடியே ரெண்டு ரொட்டி,
குழம்பு மறுபடி கேட்டு.