இனிப் பேசலாம்

விமான நிலையத்தில் மத்தைத் தூக்கிப் பிடித்து
இது என்ன ஆயுதம் என்றார்களாம்.
ஆவுடையப்பன் காற்றைக் கடைந்து காட்ட
சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்களாம்.

அதே மத்தின் காம்பை
முக்கால் சாணுக்கு அறுத்து
துளைபோடும் மெஷினின் வாயில் இறுக்கியிருக்கிறான்.
மஹ்பூலா, நான்காம் மாடி, வெள்ளிக்கிழமை காலை.
வஃப்ரா பண்ணையிலிருந்து எஸ்தாக்கி
ஒன்பது நாள் சேர்த்து அனுப்பிய ஏடு
நேற்றே உறை ஊற்றி, பிரியாணி வாளியில்.
வாளியைத் தொடையிடுக்கில் பிடித்திருப்பது நான்.

எட்டிப் பார்த்து 'வந்துச்சா' என்று
யாரும் கேட்கக்கூடாது.
கேட்டால் வெண்ணெய் வெட்கப்பட்டுக் கலைந்துவிடும்.
குளிக்காத காதர் மஸ்தான்
பிரஷ்ஷும் நுரையுமாகக் கக்கூஸ் வாசலிலேயே நின்றார்.
எதிர்அறை வங்காளி லைட்டர் கேட்டு வந்தான்.
கடைகிற நேரம் நெருப்பு கொடுப்பார்களா?
கையை ஆட்டி அனுப்பினோம்.
கண்ணேறுக்கு வாளிக்கடியில் ஓர் இரும்பு:
ஆணி கிடைக்கவில்லை, பத்து எம்எம் நட்டு.

ஏசி இருபத்திரண்டில் இருந்தால் வரும்,
இல்லாவிட்டால் வராது, அவ்வளவுதான் என்பான் எஸ்தாக்கி.
அவனும் வாய் திறக்கவில்லை.

மெஷின் உறுமியது.
சளப் சளப் போய்
களுக் என்று ஒலி கனக்கும் நேரம்
என் சட்டைப்பையில் போன் துடித்தது.

கம்பெனி குரூப்பில் ஒரு பட்டியல்.
நாற்பத்தொரு பேர். இந்த மாதத்தோடு.
மேலிருந்து ஏழாவது,
ஆவுடையப்பன் சுப்பையா, எலக்ட்ரீசியன்.
அப்பா பெயரில் ஓர் எழுத்துப் பிழை.

அவன் போன் சார்ஜரில் கவிழ்ந்து கிடக்கிறது.
மோர் தெறித்த புருவத்தோடு குனிந்திருக்கிறான்.
வாளிக்குள் மஞ்சள் மணிகள்
ஒன்றையொன்று தேடத் தொடங்கிவிட்டன.

திரண்டு வரும்போது தாழி உடையும் என்பார்கள்.
பிளாஸ்டிக் உடையாது.
என் முழங்கால்தான் நடுங்கியது.
அழுத்திப் பிடி என்று கண்ணாலேயே அதட்டினான்.

பிடித்தேன்.

மெஷினை நிறுத்தி, ஈரக்கையால் வழித்து
நிலைக்கு மேலே ஒரு பொட்டு வைத்தான்.
அடுத்தது என் உள்ளங்கையில், நெல்லிக்காய் அளவு.
தாழி பிடித்தவனுக்குத்தான் முதல் உருண்டை.
அது அங்கேயே உருகிக்கொண்டிருந்தது.

"எல்லாரையும் விட நீதாம்ல ஒழுங்கா இருந்த,
ஒரு சத்தம் விடல"
என்றவன் விரலை நக்கிக்கொண்டே சொன்னான்:
"வந்துட்டு.
இனிப் பேசலாம்."