சும்மா கிடந்த பைசா

கல்லீரல் கெட்டு மஞ்சளித்த விரலால்
டென்னிசன் போட்ட கையெழுத்துக்குக் கீழே
எனக்க கையெழுத்து.
திருவட்டார் சார்பதிவகம். ஃபேன் ஓடவில்லை.
அறுபத்திரண்டு சென்ட் ரப்பர்,
மகள் அஜின்ஷாவுக்கு இருபத்தொன்று ஆகும்வரை
என் பெயரில் இருக்கும்,
என்னுடையதாக இருக்காது.
ஆதாரம் எழுதியவர் இரண்டு முறை வாசித்தார்.
இரண்டு முறையும்
புரிந்தவன்போல் தலையாட்டினேன்.

புரிந்தது அடுத்த வருஷம்,
தோட்டத்து மூலையில் நிற்கும் வரிக்கப் பலாவிலிருந்து
சோபனம் ஒரு சக்கையைத் தூக்கிக்கொண்டு வந்த அன்று.
அணில் தின்னாத மிச்சம்தானே என்றாள்.
தின்றோம். கையில் பிசின் போகுமுன்
நோட்டை எடுத்து எழுதினேன்:
சக்கை ஒன்று, எண்பது ரூபாய்.
விற்றவர் நான்.
வாங்கியவரும் நான்.

தக்கலையில் வக்கீல் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.
"காவல் நிக்கிறவன் வாங்கப்பிடாது வேய்.
கூடுதல் விலை குடுத்தாலும் வாங்கப்பிடாது."
என்ன செய்ய?
சக்கை அதற்குள் சீரணித்திருந்தது.

பிறகு நான் பேடிக்கொண்டே வாழ்ந்தேன்.
கடைக்கு ஒரு பர்ஸ், தோட்டத்துக்கு ஒரு பர்ஸ்.
ஒன்றில் சில்லறை இல்லையென்றால்
மற்றதைத் திறக்காமல்
பக்கத்துக் கடைக்கு ஓடினேன்.
மழைக்கு முன்னே மரத்துக்கு மரம்
பிளாஸ்டிக் பாவாடை கட்டினேன்.
ஷீட் விலை கவிழ்ந்த கொல்லம்
கேரளத்துக்காரன் ஒருவன் வந்தான்.
மரத்தை மேலும் கீழும் அறுத்து
இரண்டே வருஷத்தில் மொத்தப் பாலையும் உறிஞ்சிக்கொள்ள
கை நிறையத் தருகிறேன் என்றான்.
சொந்தத் தோட்டமாயிருந்தால்
சம்மதித்திருப்பேன், மறைக்க என்ன இருக்கிறது.

சிமெண்ட் லோடு வந்து நின்று
டிரைவர் ஆரன் அடித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம்,
மேசை டிராயரில்
தோட்டத்துப் பைசா நாற்பத்தெட்டாயிரம்.
தொடவில்லை.
சோபனத்தின் வளையலை அடகு வைத்தேன்.
இதை யாரிடமும் சொல்லவில்லை;
சொல்லாமலிருப்பதில் ஒரு ருசி இருந்தது.

இந்த மாசம் அவளுக்கு இருபத்தொன்று.
குலசேகரத்தில் பஸ் இறங்கி நேரே வந்தாள்.
காதில் பென்சில், கையில் ஒரு கால்குலேட்டர்.
ஒன்பது நோட்டையும் கேட்டாள்.
சாயா ஆறியது.
ஒரு பக்கத்தில் நகம் நின்றது.

"மாமா, இந்த நாப்பத்தெட்டாயிரம் ஜூன்ல வந்திருக்கு.
பேங்குல போட்டது ஜனவரி.
எடையில எங்க கெடந்து?"

"எனக்க டிராயர்ல.
ஒத்த ரூபா தொடல்ல மக்ளே."

"தொடல்லதான்.
ஏன் சும்மா கெடந்து?"

அடுக்களையில் ஒரு பாத்திரம் விழுந்தது.
வளையல் நாவின் நுனிவரை வந்தது.
வந்து, நின்று, திரும்பிப் போனது.
அந்த ஆதாரத்தை எனக்கு மனப்பாடமாய்த் தெரியும்.
கணக்கு என்ற சொல் நாலு இடத்தில் உண்டு.
நன்றி என்ற சொல்
ஒரு இடத்திலும் இல்லை.

திருடாதவன் என்பதை மட்டும்
ஒன்பது வருஷமாகத் தடவித் தடவிப்
பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.
எனக்க பைசாவாக இருந்திருந்தால்
மறுநாளே பேங்கில் போட்டிருப்பேன்.

ஏழு மாசம், ஆறு வட்டி.
ஆயிரத்து அறுநூற்று எண்பது.
கடைப் பர்சிலிருந்து எண்ணிக் கொடுத்தேன்.
அவள் திரும்ப எண்ணினாள்,
ரசீது எழுதினாள்,
தேதி போட்டாள்.
சாவியை வாங்கிப் பையில் வைத்தாள்.

எழுந்தவள் மறுபடி உட்கார்ந்து
முதல் நோட்டைத் திறந்தாள்.
அந்தச் சக்கை.

"அதுக்கும் வட்டி உண்டா பிள்ளே?"
உள்ளேயிருந்து சோபனம்,
குரலில் கொஞ்சம் கத்தி.

அஜின்ஷா சிரிக்கவில்லை.
தலையைச் சாய்த்து
விரல் மடக்கி
வருஷங்களை எண்ணத் தொடங்கினாள்.

அவள் முடிக்கும்வரை
நான் நின்றுகொண்டிருந்தேன்,
கடைப் பர்சைத் திறந்தபடி.