நிக்குதா?

சைக்தன்லான் பகோடாவின் சரிவில்
பிரேக்கைப் பிடித்தால்
என் சைக்கிள் கத்தும்.
கத்துவதென்றால் சாதாரணக் கிறீச் இல்லை,
ஒரு காதில் ஊசியாய்ப் புகுந்து
மறு காதில் நூலோடு வெளியே வரும் கத்தல்.
நாய்கள் எழுந்து உட்காரும்.
படியேறும் பிக்குணிகள்
ரோஜா நிறக் குடையைச் சற்றே சாய்த்து
யாரென்று பார்ப்பார்கள்.
செருப்புக் கடைக் கணக்குப்பிள்ளை செங்கமலம்தான்,
கடை ஏட்டில் மா திடா,
வேறு யார்.

ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த பழைய சைக்கிள்.
கூடை, மணி, பூட்டு எல்லாம் அவர்களுடையது.
பின் மட்காட்டில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர்,
எண்ணை மட்டும்தான் என்னால் படிக்க முடியும்.
பேரம் பேசி வாங்கினேன்.
கத்தலை அவர்கள் இனாமாகக் கொடுத்தார்கள்.

சவரிராயன் மொஹிங்கா தின்றுகொண்டிருந்தான்,
ஸ்பானரைத் தொடவில்லை.
"நிக்குதா?"
"நிக்குது."
"அப்ப விடுங்கக்கா."
"மானம் போகுது தம்பி."
"அதுக்கு ஏது ஸ்பானர்" என்று
வாழைத்தண்டைத் தேடி எடுத்து
வாயில் போட்டுக்கொண்டான்.

விட்டுவிடுகிற ஆளா நான்?
ஞாயிற்றுக்கிழமை
சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி
பிரேக் கட்டையின் வாலில்
சுருட்டுப் பெட்டி அட்டையைச் செருகி
மூக்கு முதலில் ரிம்மைத் தொடும்படி இறுக்கினேன்.
சரியாகத்தான் செய்தேன். கத்தியது.
உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன்.
இரண்டு நாள் மௌன விரதம்,
மூன்றாம் நாள் வட்டியோடு.
அடுத்த ஞாயிறு, எழுதவே கூசுகிறது,
தலைக்கு வைத்தது போக விரலில் மிஞ்சிய
தேங்காய் எண்ணெயை
ரிம்மைச் சுற்றி ஒரு தடவு தடவினேன்.

அடடா, என்ன அமைதி.
திங்கட்கிழமை
கீழே சால்வின் ஆறு மின்னிக்கொண்டிருக்க
நான் பிரேக்கைப் பிடித்தேன்,
பிரேக்குக்கு என்னைப் பிடிக்கவில்லை.
முதோன் பம்ப்ளிமாஸ் குவியலுக்குள்
கூடையோடு போய்ச் சேர்ந்தேன்.
பழக்காரி டோ நியோ
உருண்டதையெல்லாம் பொறுக்கி,
அடிபட்ட நான்கை எனக்கே விற்றுவிட்டுக் கேட்டாள்:
"இன்னிக்கு ஏன் நீ சத்தம் போடலே?
சத்தம் கேட்டுத்தானே தினம்
கூடையை உள்ளே இழுத்துக்குறேன்."

சோப்புத் தூள் போட்டு மூன்று முறை கழுவினேன்.
எண்ணெய் குடித்த கட்டையைத் தூக்கி எறிந்து
புதுசு மாட்டினேன்.
முழங்கால் கட்டோடு சரிவில் இறங்கினேன்.
கத்தியது.
பிக்குணிகள் இல்லாவிட்டால் கை தட்டியிருப்பேன்.

இப்போது மழைக்காலம்.
காலையில் ஈர ரிம் முதல் இரண்டு சுற்று வழுக்கும்
(அதற்காகவே முன்கூட்டிப் பிடிக்கிறேன்),
பிறகு ஊரைக் கூட்டும்,
பிறகு காய்ந்து, தானே ஓயும்.
அதை விட்டுவிடுகிறேன்.
புதுக் கட்டை ஒரு வாரம் முனகும்,
அதையும்.

ஆனால் போன வியாழன் வேறொன்று கேட்டது.
தணிவாக, கர்ர் என்று,
அடிப்பிடித்த சட்டியைக் கரண்டி சுரண்டுகிற மாதிரி.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை,
நாய்கூட.
நான் இறங்கிவிட்டேன்.
கடை ஷட்டர் திறக்குமுன்
சேப்டி பின்னால் கட்டையைக் கிளறினால்
உள்ளே மீன் செதில் போல ஒரு துண்டு,
ரிம்மிலிருந்தே பிய்ந்தது,
ரிம்மையே தின்றுகொண்டிருந்தது.
சவரிராயனிடம் காட்டினேன்.
இந்த முறை அவன் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

நேற்று மட்காட்டைத் துடைக்கும்போது
மஞ்சள் ஸ்டிக்கரிடம் கேட்டேன்:
நாலு பூஜ்யம் ஏழு இரண்டு ஒன்பதே,
உன் ஊரிலும் சரிவு இருந்ததா?
அங்கேயும் யாராவது குடையைச் சாய்த்தார்களா?
நிற்கிற வண்டியை
இதற்காகவா கப்பல் ஏற்றினாய்?