போன குளிர்காலத்துப் பனி

அக்டோபர் பதினொன்று.
குன்று முழுக்கப் பழுப்பு. புதர்களில் சிவப்பு இன்னும் விடவில்லை.
நடுவில் மட்டும் ஒரு வெள்ளைப் பட்டை,
முப்பது மீட்டர் அகலம், நானூறு மீட்டர் நீளம்.
மலைக்கு யாரோ கட்டுப் போட்டுவிட்டு
அவிழ்க்க மறந்துபோன மாதிரி.

வானம் தந்ததல்ல இது.
ஏப்ரல் கடைசியில் வாரிக் குவித்து,
முழங்கால் உயரத்துக்கு மரத்தூள் மூடி,
இரவிலும் அணையாத லாப்லாந்துக் கோடைக்குத்
தெரியாமல் வைத்திருந்தார்கள்.
ஐந்தில் ஒரு பங்கு ஓடையோடு போயிற்று
என்கிறார் டோசர் ஓட்டும் இல்மோ.
மிச்சத்தை மூன்று இரவுகள் தள்ளித் தள்ளிப் பரப்பினார்.

பழைய சோற்றுக்குத் தனி ருசி உண்டு.
பழைய பனிக்கு இருப்பது பிடிவாதம்.
விடிகாலையில் கண்ணாடி,
எட்டரைக்கு நாட்டுச்சர்க்கரை,
பத்து மணிக்குக் கஞ்சி.

ஆகவே எல்லோருக்கும் விடிகாலைதான் வேண்டும்.
ஏழு முதல் ஒன்பது, எஸ்டோனியப் பையன்கள் பதினாலு பேர்.
எந்த அணியின் பட்டியலிலும் இல்லாத எனக்கும் ஹில்க்காவுக்கும்
ஒன்பது முதல் பத்து.
மணிக்கு நாற்பது யூரோ.
விடுதியின் கொதிகலன் அறையில் நேற்றிரவு
விளிம்புகளைத் தீட்டித் தீட்டிக்
கட்டைவிரலில் இரண்டு கீறல்.

சரிவோரம் பனித் துப்பாக்கிகள் வாய்பிளந்து நிற்கின்றன.
பூஜ்யத்துக்குக் கீழே மூன்றாவது வேண்டும் அவற்றுக்கு.
இன்று மேலே இரண்டு.

ஹில்க்கா துளையிட்டுத் துளையிட்டுக் கம்புகளை நட்டாள்,
சிவப்பு, நீலம், சிவப்பு.
நான் இல்மோவிடம் கேட்டேன்:
கிழக்குச் சரிவிலிருந்தும் வாரினீர்களா?
எல்லாச் சரிவிலிருந்தும்தான், என்றார்.
பனிக்கு நாங்கள் முகவரி எழுதி வைப்பதில்லை.

கிழக்குச் சரிவு, மார்ச் பத்தொன்பது,
ஏழாவது கம்பு, இடது திருப்பம்.
ஈரக் கயிறு அறுந்தது போல ஒரு சத்தம்
முழங்காலுக்குள்ளே கேட்டது.
வெளியே யாருக்கும் கேட்கவில்லை.
பிறகு ஆறு மாதம்
படிக்கட்டுகளை எண்ணி ஏறினேன்.

அப்படியானால் அந்தப் பனியும் இங்கேதான்.
மூன்றாவது கம்பின் அடியில் இருக்கலாம்.
இழுவைக் கம்பி ஏறுமிடத்தில்,
பையன்கள் எச்சில் துப்பும் மூலையில் இருக்கலாம்.
உருகிப்போன ஐந்தில் ஒரு பங்காகவும் இருக்கலாம்;
அப்படியென்றால் நல்லது. அதுவும் எனக்கு நிச்சயமில்லை.

முதல் ஓட்டம்: முப்பத்தெட்டு புள்ளி தொண்ணூற்றொன்று.
வலது திருப்பங்களில் நான் பழைய நான்.
இடது வந்தால் சீக்கிரமே நிமிர்ந்துவிடுகிறேன்,
குளத்தில் கால் வைத்துவிட்டு
பின்வாங்கும் ஆளைப் போல.
ஹில்க்கா ஒன்றும் சொல்லவில்லை.
கடிகாரத்தை மட்டும் என் பக்கம் திருப்பினாள்.

இரண்டாவது ஓட்டத்துக்கு நின்றபோது
கலைமான் ஒன்று தடத்துக்குள் வந்தது.
பனி இறுக வேண்டுமென்று இல்மோ தூவிய உப்பை
ஐந்தாவது கம்பருகே நின்று நக்கியது.
கூப்பிட்டோம். கைதட்டினோம். ஹில்க்கா பாடிக்கூடப் பார்த்தாள்.
பதினோரு நிமிடம்.
என் காசில் ஏழு யூரோவுக்குக் கொஞ்சம் மேலாகவே நக்கியிருக்கும்.
பிறகு அவசரமே இல்லாமல்
இடதுபக்கமாக இறங்கிப் போயிற்று.

அது நக்கிய பள்ளத்தின் மேல்தான் போக வேண்டியிருந்தது.
சறுக்குப் பலகை மரத்தூளில் ஒருமுறை பிடித்து இழுத்தது,
வயிறு தொண்டைக்கு வந்து திரும்பியது,
நிமிர நேரமில்லை.
முப்பத்தெட்டு புள்ளி எண்பத்தேழு.

நூறில் நாலு, என்றேன்.
மானுக்கு நன்றி சொல், என்றாள்.

அதற்குள் தடம் கஞ்சியாகிவிட்டது. கம்புகளைப் பிடுங்கினோம்.
காலுறைக்குள் எப்படியோ புகுந்த மரத்தூள்
அறைக்கு வந்த பிறகும் உறுத்திக்கொண்டிருந்தது.

வியாழன் இரவு பூஜ்யத்துக்குக் கீழே நாலாம்.
துப்பாக்கிகள் சுடத் தொடங்கிவிட்டால்
புதுப்பனி மேலே, இது அடியில்.
அதற்கு முன் ஒருமுறையாவது
இடதுபக்கம் முழுதாகச் சாய்ந்துவிட வேண்டும்.

நாளை ஒன்பது மணி.
எஸ்டோனியர்கள் நேரத்துக்கு விட்டால்.