கி.மீ. 1/4

கால் கிலோமீட்டர் என்று படிக்காதீர்கள்.
எங்கள் துறைக் கணக்கில் அது
ஒன்று தாண்டி நானூறு மீட்டர்.
கல்லில் அப்படித்தான் எழுதுவோம்.
அந்தக் கல்லுக்கு அப்புறம் கருவேலம்.

சுற்றுச்சாலையில் பிரிந்து
மதுரைக்குள் நுழைய ஒரு கிளை.
ஆறு கிலோமீட்டர், வேகத்தடை இல்லாமல்,
கீழவாசல் குடோன்களுக்குப் போகும் லாரிகளுக்காக.
தொண்ணூற்றெட்டில் கோப்பு திறந்தது.

முதல் கோடு நேர்க்கோடு.
துளசிராம் சார் இழுத்தார்,
மூச்சைப் பிடித்துக்கொண்டு.
'அ' மாற்று என்று பெயர்.
அது ஓர் அரிசி ஆலையின்
புகைபோக்கி வழியாகப் போனது.
ஆலைக்காரர் அல்வா டப்பாவோடு வந்துபோனார்.

'ஆ' மாற்று தெற்கே வளைந்து
மண்ணூத்துக் கண்மாய்க்குள் இறங்கியது.
தடையில்லாச் சான்று வர நாலு வருடம்.
வந்தபோது கண்மாயில் தண்ணீர் இல்லை,
நாற்காலியில் துளசிராம் சார் இல்லை,
குடோன்களே ஊருக்கு வெளியே போகப்போவதாகப் பேச்சு.
கோப்பை மூட யாருக்கும் அதிகாரமில்லை.
எனவே 'இ' மாற்று.
அதை நான் வரைந்தேன்.
தாளின் வலது கீழ்மூலையில் இருக்கும்:
வரைந்தது, வி.பே.

அளவை ஐயாயிரத்துக்கு ஒன்று.
தாளில் ஒரு மில்லிமீட்டர்
தரையில் ஐந்து மீட்டர்.
பென்சில் கோட்டுக்கே அரை மில்லி தடிமன் உண்டு.
அந்தத் தடிமனுக்குள்,
இரண்டரை மீட்டர் அகலத்தில்,
யாரோ உலை வைத்திருப்பார்கள்.
நான் அடிக்கடி பென்சில் சீவுவேன்.
"கோடு போடுறியா, ஊசி கோக்குறியா?"
என்பான் பக்கத்து மேசை மொக்கராசு.

சர்வே எண் 214/3பி.
கோடு அதன் அடுப்படியில்
பட்டும் படாமலும் நின்றது.
ஒரு மில்லி தள்ளினேன்.
யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை.
வளைவின் ஆரத்தைத் திருத்தினேன்,
கூட்டுத்தொகை ஒத்துப்போனது.
முனியாண்டிக்கு ஒதுங்கித்தான் ரோடு வளைந்ததென்று
இப்போது அங்கே ஆட்டோக்காரர்கள்
எலுமிச்சம்பழம் நசுக்குகிறார்கள்.

ஒன்றே கால் தாண்டி, ஒன்றரைக்கு முன்னால்
நிதி தீர்ந்தது.
மீதி நாலு புள்ளி ஆறு
வழக்குக் கட்டுகளில் ஓடுகிறது.

ஓய்வுபெற்ற மறுவாரம்
ஸ்கூட்டியில் போய்ப் பார்த்தேன்.
தார் முடியுமிடத்தில் இரண்டு டிரம்.
கார் பழகுகிறவர்கள்
எட்டுப் போட்டுத் திரும்புகிறார்கள்.
ஒரு பருத்திப்பால் வண்டி.
அதன் பின்னால் வீடு,
சுவரில் மஞ்சள் பெயிண்டில் 214/3பி,
நம் துறையின் கையெழுத்து.

சந்தனமேரி என்று பெயர் சொன்னாள்.
நான் கேட்காமலே மற்றதையும் சொன்னாள்:
"எடுக்கப்போறோம்னாங்க. பெறகு இல்லன்னாங்க.
ரோட்டுக்கு வெளியவாம், கட்டுப்பாட்டுக்கு உள்ளயாம்.
பத்தொம்பது வருசமாச்சு.
மாடி எடுக்க விடல, பேங்குல லோனு இல்ல,
வித்தா வாங்க நாதி இல்ல.
அன்னைக்கே எடுத்துத் தொலைச்சிருந்தா
மகளுக்கு ஆனையூர்ல
ரெண்டு சென்ட்டாவது வாங்கியிருப்பேன்.
எவன் கோடு போட்டானோ."

எவன், என்றாள்.
நான் திருத்தவில்லை.
பருத்திப்பாலில் சுக்கு தூக்கலாக இருந்தது.

அப்போது ஒரு நாமக்கல் லாரி
முழு வேகத்தில் வந்து
டிரம்மை மோதும் முன் நின்றது.
"மேப்புல நேரா போகுதே!" என்றான் டிரைவர்,
போனை எங்களுக்கு நேரே நீட்டி.
யாரோ என் பழைய தாளிலிருந்து
எடுத்துப் போட்டிருக்க வேண்டும்.
நீலக்கோடு அவ்வளவு சுத்தமாக இருந்தது.

கிளீனர் இல்லை. திருப்ப இடமில்லை.
தம்ளரைக் கல்லின் தலையில் வைத்துவிட்டு
லாரிக்குப் பின்னால் போய் நின்றேன்.
வரட்டும், வரட்டும்,
லெஃப்ட் ஒடி, இன்னும் ஒடி,
வீட்டுச் சுவர் இருக்கு பாத்து,
பயப்படாத,
அஞ்சு மீட்டர் இருக்கு, வா.