ஒன்றரை சென்டிமீட்டர்

நெவென்காவின் பாதங்களைப் பற்றி
ஊரில் எனக்குத்தான் அதிகம் தெரியும்.
இருபத்திரண்டு வருடமாகப்
போர்வைக்கடியில் வந்து என் கெண்டைச்சதையில் ஒட்டிக்கொள்ளும்
இரண்டு மீன்கள்,
ஐஸ்பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்தவை.
"காலை எடு" என்பேன்.
"பின்னே எதற்கு உன்னைக் கட்டிக்கொண்டேன்" என்பாள்.

போர்வெனீரில் யாருக்குத்தான் கால் சில்லிடவில்லை?
இந்தத் தீவில் காற்றுக்குத்தான் சொந்த வீடு,
நாங்கள் வாடகைக்கு.

நண்டு ஆலையில் வருடாந்தரச் சோதனை.
வடக்கிலிருந்து வந்த புது டாக்டர், சின்னப் பையன்,
அவள் கையில் பட்டை சுற்றி அழுத்தம் பார்த்தான்.
இருநூற்றுப் பத்து.
கருவி பழுதென்று இன்னொன்றை எடுத்தான்.
அதுவும் அதையே சொன்னது.
பிறகு, இத்தனை வருடத்தில் எந்த டாக்டரும் செய்யாத ஒன்று:
குனிந்து அவள் காலுறையைக் கழற்றி
பாதத்தின்மேல் இரண்டு விரல் வைத்துக்
காத்திருந்தான்.
வெகுநேரம்,
ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு நிற்பவனைப்போல.

நீரிணையைக் கடக்கப் படகு வேண்டும்.
மூன்று நாள் காற்று விடவில்லை.
நாலாம் நாள் புன்டா அரேனாஸ்.
எக்ஸ்ரேயில் அவள் விலா எலும்புகளின் அடிவிளிம்பெல்லாம்
எலி கொறித்த ரொட்டி.
அப்புறம் அந்தப் பெரிய வளையத்துக்குள் போய்வந்தாள்,
பித்தான்களை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு.

டாக்டரம்மா திரையை எங்கள் பக்கம் திருப்பினாள்.
இதயத்திலிருந்து ஏறுகிறது பெருந்தமனி,
வளைகிறது,
தலைக்கும் கைகளுக்கும் கிளை கொடுக்கிறது,
அப்புறம் இல்லை.
சுருங்கவில்லை. அடைக்கவில்லை.
இல்லை.
ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி
எதுவுமே நடக்காததுபோல் மறுபடி தொடங்குகிறது.

"பிறவியிலேயே இப்படி.
பெரும்பாலும் தொட்டிலைத் தாண்டமாட்டார்கள்."
நெவென்காவுக்கு நாற்பத்தேழு.
"பிள்ளைகள்?"
"இரண்டு."
டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.
துடைக்கவில்லை.

"அப்படியென்றால் என் காலுக்கு யார் கொண்டுபோனது?"
கேட்டவள் நெவென்கா.
பேனா முனை காட்டியது:
விலாவுக்கடியில், தோள்பட்டையைச் சுற்றி,
முதுகெலும்போரம்,
மயிரிழையாக இருந்திருக்க வேண்டியவை
கயிறாகத் தடித்து முறுக்கிக்கொண்டு,
எலும்பையே அரித்து இடம் பண்ணிக்கொண்டு,
நெடுஞ்சாலை இல்லாத ஊருக்கு
ஒற்றையடிப் பாதைகளில் சுமந்திருக்கின்றன,
நாற்பத்தேழு வருடம்.

எனக்கு மேட்டுத்தெரு ஞாபகம் வந்தது.
இளையவள் வயிற்றில். ஜூலை மாதம்.
பாதி ஏற்றத்தில் உட்கார்ந்துவிட்டாள்,
"கால் வரமாட்டேன் என்கிறது, நோல்பெர்டோ."
மாவுப் பையை அவள் பக்கத்திலேயே வைத்துவிட்டு
நான் மேலே நடந்தேன்.
சோம்பேறி என்றேன்,
திரும்பிக்கூடப் பார்க்காமல்.

திரையில் அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
என் கட்டைவிரல் நகத்தின் அகலம்.
அதில் ஒரு மாவுப் பை கொள்ளும்.

சாந்தியாகோவில் வெள்ளைத் துணிக்குழாய் வைத்துத் தைத்தார்கள்.
எந்தத் தாளையும் படிக்காமல் கையெழுத்திட்டேன்.
வீடு திரும்பிய முதல் இரவு
திடுக்கிட்டு விழித்தேன்: படுக்கையில் வேறு யாரோ,
பாதம் சுடும் ஒருத்தி.
"என்ன?"
"ஒன்றுமில்லை."
வேர்க்கிறதென்று கம்பளிக் காலுறைகளை உதறி எறிகிறாள்,
ஒன்று விளக்கின்மேல் போய் விழுந்தது.

அந்தச் சின்னக் குழாய்கள் இனி மெல்ல ஒடுங்கிவிடுமாம்.
வேலை இல்லையே.
அவள் தூங்கியதும்
விலாவோரம் உள்ளங்கை வைத்துப் பார்க்கிறேன்.
துடிக்கின்றன இன்னும்.
நீரிணை தாண்டிச் செய்தி வந்துசேரவில்லை போலும்.

"கையை எடு" என்கிறாள் தூக்கத்தில்.
"ஐஸ்."