அடித்த கோல்கள் (எண்ணிக்கையில்)

பத்தாவது கட்டத்தில்
நூற்று முப்பத்தெட்டு ஆட்டம் என்று எழுதியாயிற்று.
பதினொன்றில் பேனா கொஞ்சம் நின்றது.
பிறகு, 4.

மதுரை ஜங்ஷன், பார்சல் ஆபீஸ்.
ஈரச்சாக்கு சுற்றிய சோழவந்தான் வெற்றிலைக் கட்டுகள்
வாசலை மறித்துக் கிடக்கின்றன.
"ஒரு சைபர் விட்டுப்போச்சாம்மா?"
என்றார் ஹெட்கிளார்க் ஜெயசிங்.
நாலுதான் சார்.
அதிலும் ஒன்று
யாரோ அடித்தது, என் மட்டையில் பட்டு உள்ளே போனது.

செல்லம்பட்டிப் பள்ளிக்கூட மைதானம் கரிசல்.
மழை காய்ந்தால் வெடிப்பு விடும்.
கல்லில் தட்டி எந்தப் பக்கம் திரும்பும் என்று
பந்துக்கே தெரியாது.
அதனால் பந்தை விட்டுவிட்டு
அது வரப்போகிற தரையைப் பார்க்கப் பழகினேன்.
பிறகு ஆன்ட்வெர்ப்பில்
தண்ணீர் அடித்த நீலத் தரை.
முதல் ஆட்டம் முழுக்க
இல்லாத கல்லுக்காகக் காத்து நின்றேன்.
மூன்று பந்து காலைத் தாண்டிப் போயிற்று.

வர்ணனைக்காரன் நாக்கில் நான் புரளவில்லை.
ஒச்சம்மாள்.
ஓசமால் என்றான், ஓச்மல் என்றான்,
இரண்டாம் பாதியில் எண் பதினாறு ஆனேன்.
அதுவும் எப்போதாவதுதான்.
நான் பந்தை வாங்கித் திரும்புவதற்குள்
அடுத்தவள் பெயருக்குப் போயிருப்பான்.
வாங்குவதும் கொடுப்பதும்
அவன் மூச்சு விடுகிற நேரத்தில் நடந்தன.

எதெல் அடித்தவை எழுபத்தொன்று.
அதில் எத்தனை என்னிடமிருந்து கிளம்பியவை என்று
பேருந்தில் ஒருநாள் அவளே எண்ணினாள்,
விரல் மடக்கி, ஊர் ஊராக.
முப்பதில் தூங்கிவிட்டாள்.
நான் எழுப்பவில்லை.

இடது முட்டியில் இரண்டு திருகாணி.
பெங்களூரு முகாமில், சாப்பாட்டு அறைக் கதவில்
பதினெட்டுப் பெயர் ஒட்டியிருந்தார்கள்.
என் பெயரைத்தான் எப்படியும் தப்பாக எழுதுவார்களே என்று
இன்னொரு தடவை மேலிருந்து படித்தேன்.
பிறகு தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன்.
அன்று ராஜ்மா.

"மிட்ஃபீல்டுன்னா
சும்மா நடுவுல நிக்கிறதாம்மா?"
அவர் மேசையிலேயே காட்டினேன்.
ஸ்டாம்ப் பேடுதான் உங்க கோல், சார்.
பேப்பர்வெயிட்டை இடப்பக்கமாக உருட்டினேன்.
பொத்தென்று கை வைத்து மறித்தார்.
முகத்தில் அத்தனை சந்தோஷம்.
வலப்பக்கம் பாருங்க, என்றேன்.
பசை பாட்டிலுக்கும் பேடுக்கும் நடுவில்
ஒரு முழம் மேசை
வெறுமனே கிடந்தது.
கையை எடுக்காமல்
அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு ஃபாரத்துல கட்டம் இல்லையேம்மா."

இல்லை.
இரண்டாம் நடைமேடையில் வண்டி வருகிற அறிவிப்பு.
வெற்றிலைக்கு ஆள் கூப்பிட வேண்டும்.
பதினொன்றுக்குக் கீழே
'எழுத்தால்' என்று ஒரு கோடு விட்டிருந்தார்கள்.
சம்பளப் பட்டியல் எழுதி எழுதிப் பழகிய கை
தானாகவே எழுதி முடித்தது:
நான்கு மட்டும்.